பழைய பேப்பரில் ஊர்க் கிணறுகள்



வீட்டுக்கு வீடு பழைய பேப்பர் சேருகிறது. பிள்ளைகள் எழுதி முடித்த நோட்டு, முட்டை வாங்கிய அட்டை, மளிகைப் பொட்டலம், சாமான் வந்த அட்டைப்பெட்டி என்று மூலையில் குவிந்து கிடக்கிறது. கொஞ்சம் எடைக்குப் போகிறது. மிச்சம் அடுப்புக்கும் குப்பைமேட்டுக்கும் போகிறது. இந்தப் பேப்பரை வைத்தே ஊர் மொத்தமும் நின்று பார்க்கிற மாதிரி ஒரு காட்சி செய்யலாம். நம்ம ஊர்த் தண்ணீர் நிலைமையைக் கிராம சபையில் எல்லார் கண்ணுக்கும் கொண்டு வரலாம். அது எப்படி என்று இந்த இதழில் பார்ப்போம்.

பாண்டா பொம்மைகள் சொன்ன கணக்கு

பாண்டா என்பது சீன நாட்டு மலைக் காடுகளில் வாழும் கருப்பு வெள்ளைக் கரடி. மூங்கில்தான் அதற்கு முக்கிய உணவு. காடு சுருங்கச் சுருங்க அந்த இனமும் குறைந்தது. சுமார் 1,600 பாண்டாக்கள்தான் காட்டில் மிச்சம் என்று ஒரு காலத்தில் கணக்குச் சொன்னார்கள். சொன்னால் யாருக்கு உறைக்கும்? 1,600 என்பது கேட்கும்போது பெரிய எண்ணாகக்கூடத் தோன்றும்.

2008-ல் பிரான்ஸ் நாட்டில் டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பும் பாலோ கிராஞ்சோன் என்ற சிற்பக் கலைஞரும் சேர்ந்து ஒரு வேலை செய்தார்கள். பழைய பேப்பரைக் கூழாக்கி 1,600 பாண்டா பொம்மைகள் செய்து, ஊர் நடுவே வரிசையாக உட்கார வைத்தார்கள். ஒரு பொம்மைக்கு ஒரு உயிர் என்று கணக்கு. ஒரு மைதானத்துக்குள் எல்லாம் அடங்கிவிட்டன. "உலகம் முழுக்கத் தேடினாலும் இவ்வளவுதானா?" என்று பார்த்தவர்களுக்கு அப்போதுதான் உறைத்தது. பிறகு இந்தப் பொம்மைகள் பல நாடுகளுக்குப் போயின. 2014-ல் தைவான் நாட்டுக்குப் போனபோது, அந்த நாட்டுக் காட்டில் அழிந்து வரும் கருங்கரடிக்காகவும் 200 பொம்மைகள் செய்து பக்கத்தில் வைத்தார்கள். வெளியூர்க் கரடியைப் பார்க்க வந்த ஜனங்கள் தங்கள் ஊர்க் கரடியின் கணக்கையும் பார்த்துவிட்டுப் போனார்கள்.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. முதலில் எண்ண வேண்டும். பிறகு எண்ணிய அளவுக்குச் செய்து வைக்க வேண்டும். வெறும் அழகுக்காக ஒரு பெரிய பொம்மை செய்து வைத்தால் வேடிக்கை பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். கணக்கைச் செய்து வைத்தால் நின்று யோசிப்பார்கள்.

நம்ம பாட்டிமாருக்குத் தெரிந்த வேலை

பேப்பர்க் கூழ் வேலை நமக்குப் புதிது இல்லை. பழைய பேப்பரை ஊறவைத்து, வெந்தயம் சேர்த்து உரலில் இடித்து, பானையைக் கவிழ்த்து அதன்மேல் அப்பிக் காயவைத்து, கூடையாக எடுத்துப் புழங்கிய வீடுகள் நம் கிராமங்களில் நிறைய இருந்தன. மூங்கில் முறத்தில் ஓட்டை விழுந்தால் இதே கூழைப் பூசி மெழுகுவார்கள். தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையிலும் கொலு பொம்மையிலும் பேப்பர்க் கூழ் உண்டு. கடலூர், விழுப்புரம் பக்கம் பேப்பர்க் கூழோடு மரவள்ளிக்கிழங்கு மாவு சேர்த்துப் பெரிய பெரிய பிள்ளையார் சிலைகளே செய்கிறார்கள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சிலைகள் நீர்நிலைகளைக் கெடுப்பதால், 2020-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் திருத்திய வழிகாட்டுதலில் அவை கூடாது என்று சொல்லிவிட்டது.

பேப்பர் என்பது செடி, மரம், கரும்புச் சக்கை இவற்றின் நார். ஊறும்போது நார் பிரிகிறது. இடிக்கும்போது இன்னும் பிரிந்து ஒன்றோடு ஒன்று பின்னிக்கொள்கிறது. காயும்போது இறுகிவிடுகிறது. வெந்தயத்தில் இருக்கும் வழவழப்பு பசை போல நின்று பிடித்துக்கொள்கிறது. அதன் கசப்புக்குப் பூச்சியும் சீக்கிரம் அண்டாது என்பார்கள் பெரியவர்கள்.

எதை எண்ணலாம்?

நம்ம ஊரில் குறைந்துகொண்டே வரும் எதையும் எண்ணலாம். நிற்கிற பனைமரத்தை எண்ணலாம். ஏரி மதகுகளை எண்ணலாம். ஆனால் பெண்களாகிய நம்மைத் தினமும் தொடுவது தண்ணீர்தான். அதனால் கிணற்றை எண்ணுவோம்.

"வீட்டுக்குக் குழாய் வந்தாச்சு, கிணறு எதற்கு?" என்று கேட்கலாம். குழாயில் வருவதும் பெரும்பாலும் ஏதோ ஒரு நிலத்தடியில் இருந்துதான் வருகிறது. தமிழ்நாட்டில் முக்கால்வாசிப் பகுதி கடினப் பாறை நிலம். இங்கே மழைநீர் மேல்மண்ணிலும், சிதைந்த பாறையிலும், பாறை வெடிப்பிலும்தான் தங்கும். திறந்த கிணறு இந்த மேல்மட்டத் தண்ணீரைக் காட்டுகிற கண்ணாடி மாதிரி. ஆழ்துளைக் கிணறு நூற்றுக்கணக்கான அடிக்குக் கீழே போய் இழுக்கும்போது தண்ணீர் குறைவது யார் கண்ணுக்கும் தெரியாது. மோட்டார் காற்றை இழுக்கும்போதுதான் தெரியும். திறந்த கிணற்றில் எட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

கிணற்றுக்கும் பேப்பர்க் கூழுக்கும் இன்னொரு பொருத்தமும் உண்டு. பானையையோ சொம்பையோ கவிழ்த்து எடுத்தால் வருவது வட்டமான கிண்ணம். அதை நிமிர்த்தி வைத்தால் அதுவே குட்டிக் கிணறு. பெரிய சிற்பி யாரும் வேண்டாம்.

கணக்கு எடுக்கும் முறை

* தெருவுக்கு இரண்டு பேர் என்று பிரித்துக்கொள்ளுங்க. ஒருவர் எழுதத் தெரிந்தவர், ஒருவர் ஊர்க்கதை தெரிந்த வயதானவர். எந்தக் கிணறு எப்போது வெட்டியது, எப்போது வற்றியது என்று அவருக்குத்தான் தெரியும்.

* ஒரு நோட்டில் கிணற்றின் பெயர், இடம், பொதுவா தனியாரா, இப்போது தண்ணீர் இருக்கிறதா, போன சித்திரை வைகாசியில் இருந்ததா, குப்பை கிடக்கிறதா என்று எழுதுங்க. தை மாசியில் மட்டும் பார்த்தால் கணக்கு ஏமாற்றும். ஐப்பசி, கார்த்திகை மழைத் தண்ணீர் அப்போது மிச்சம் இருக்கும்.

* தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அளக்க, கயிற்றில் கல் கட்டி விட்டு, நனையாத நீளத்தை அளங்க. சுவர் நல்ல நிலையில் இருக்கிற கிணற்றில் மட்டும் அளந்தால் போதும். இடிந்த கிணற்றின் ஓரம் போகாதீங்க. வற்றிய கிணற்றுக்குள் யாரும் இறங்கவே கூடாது. உள்ளே கெட்ட காற்று இருந்தால் உயிருக்கே ஆபத்து.

* எந்தத் தெருவும் விட்டுப்போகக் கூடாது. இதை அழுத்திச் சொல்கிறோம். யார் எந்தக் கிணற்றில் இறைக்கலாம், யார் இறைக்கக் கூடாது என்று ஊர் பிரிந்து கிடந்த காலம் உண்டு. கணக்கிலாவது அந்தப் பிரிவினை வரக் கூடாது. காலனித் தெருக் கிணறும் மேலத்தெருக் கிணறும் ஒரே நோட்டில், ஒரே வரிசையில் வரட்டும். முடிந்தால் ஒரு தெருக் குழு அடுத்த தெருவையும், அந்தத் தெருக் குழு இந்தத் தெருவையும் போய் எண்ணி வாருங்க.

* தனியார் கிணறு என்றால் வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு எழுதுங்க. காட்சியில் பொதுக் கிணறுகளுக்கு மட்டும் பெயர் போதும். யாரையும் சுட்டிக்காட்டிக் குறை சொல்வது நம் நோக்கம் இல்லை.

கிண்ணம் செய்முறை

உதாரணத்துக்கு ஊரில் 40 கிணறு என்று வைத்துக்கொள்வோம். சொம்பு அளவில் 40 கிண்ணம் செய்ய நான்கைந்து கிலோ பேப்பர், அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலாக வெந்தயம், பசைக்கு ஒரு கிலோ மைதா, கொஞ்சம் சுண்ணாம்பு, நீலப் பொடி, காவி. இவ்வளவுதான் செலவு. இதற்குக் குழுச் சேமிப்பைத் தொட வேண்டாம். ஆளுக்கு ஒரு கைப்பிடி வெந்தயம் கொண்டுவந்தாலே பாதிச் செலவு முடிந்தது.

எந்தப் பேப்பர் ஆகும்? செய்தித்தாள், பழைய நோட்டு, அட்டைப்பெட்டி, முட்டை அட்டை எல்லாம் ஆகும். முட்டை அட்டை சீக்கிரம் ஊறும். நோட்டில் உள்ள பின்னை எடுத்துவிடுங்க. பழைய ஆதார் நகல், வங்கிப் படிவ நகல் இருந்தால் அதையும் கிழித்து ஊறப் போடுங்க. குப்பையில் வீசி யார் கையிலாவது கிடைப்பதைவிடக் கூழாவது நல்லது. ஆனால் குழுப் பதிவேடுகளை மட்டும் தொட்டுவிடாதீங்க, தணிக்கைக்கு வேண்டும்!

ஆகாதவை: டீ குடிக்கிற பேப்பர் கப் (உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது, கரையாது), பளபளப்பான கல்யாணப் பத்திரிகை, கடையில் மெஷினில் அடித்துத் தரும் வழவழ பில் சீட்டு (அதில் ரசாயனப் பூச்சு உண்டு).

1. பேப்பரை விரல் அகலத்துக்குக் கிழித்து, இரண்டு மூன்று நாள் தண்ணீரில் ஊறவையுங்க. தினமும் தண்ணீரை மாற்றுங்க. அந்தத் தண்ணீரில் அச்சு மை இருக்கும். குடிநீர்க் கிணற்றுப் பக்கமோ வாய்க்காலிலோ ஊற்றாமல் ஓரமாக வெறும் மண்ணில் ஊற்றுங்க.

2. கிலோ பேப்பருக்கு 100 முதல் 150 கிராம் வெந்தயம், முதல் நாள் இரவே தனியாக ஊறட்டும்.

3. பேப்பரைப் பிழிந்து, வெந்தயத்தோடு சேர்த்து உரலில் இடியுங்க, அல்லது ஆட்டுக்கல்லில் ஆட்டுங்க. சமையலுக்குப் புழங்காத பழைய கல்லாக இருக்கட்டும். மாவு அரைக்கிற கிரைண்டரில் போட வேண்டாம். சப்பாத்தி மாவு பதம் வரவேண்டும். உருட்டினால் விரியக் கூடாது.

4. சொம்பையோ சின்னப் பானையையோ கவிழ்த்து, மேலே ஈரத்துணி போடுங்க. துணி இருந்தால்தான் பிறகு கழற்ற முடியும். அதன்மேல் கூழை அரை விரல் கனத்துக்கு ஒரே சீராகத் தட்டுங்க. ஒரு பக்கம் கனமாகவும் ஒரு பக்கம் மெலிசாகவும் இருந்தால் காயும்போது வெடிக்கும்.

5. முதல் நாள் நிழலில் வையுங்க. மேல்பக்கம் இறுகியதும் சொம்பை உருவி எடுத்துவிடுங்க. முழுக்கக் காயும்வரை விட்டால் கூழ் சுருங்கிச் சொம்பை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பிறகு மூன்று நான்கு நாள் வெயிலில் திருப்பித் திருப்பிக் காயவையுங்க. தட்டினால் 'டொக் டொக்' என்று சத்தம் வந்தால் காய்ந்துவிட்டது.

6. வெளியே ஒரு சுற்று பேப்பர்த் துண்டு ஒட்டினால் வலு கூடும். பசைக்கு மைதா காய்ச்சலாம். புளியங்கொட்டையை வறுத்து, தோல் நீக்கி, ஊறவைத்து அரைத்துக் காய்ச்சிய பசை இன்னும் நன்றாகப் பிடிக்கும். பசையில் மயில்துத்தம் கலப்பது சிலருக்குப் பழக்கம். அது விஷம். பிள்ளைகள் கை வைக்கிற வேலையில் அது வேண்டாம்.

இந்தக் கிண்ணங்களில் சாப்பிடும் பொருள் எதையும் போட்டுவைக்காதீங்க. அச்சு மை உடம்புக்கு ஆகாது என்பதால், உணவுப் பொருளைச் செய்தித்தாளில் மடித்துக் கொடுக்கக் கூடாது என்று 2016-லேயே உணவுப் பாதுகாப்பு ஆணையம் அறிவுறுத்தியிருக்கிறது.

மூன்று நிறம்

வெளிப்பக்கம் எல்லாக் கிண்ணத்துக்கும் சுண்ணாம்பு அடியுங்க. உள்பக்கத்து நிறம்தான் சேதி சொல்லும்.

நீலம்: சித்திரை வைகாசியிலும் தண்ணீர் இருக்கும் கிணறு.

வெள்ளை: மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர் வரும் கிணறு.

காவி: வற்றிப்போன கிணறு, அல்லது குப்பை கொட்டித் தூர்ந்துபோன கிணறு.

நீலத்துக்கு நீலப் பொடியைப் பசையில் குழைத்துப் பூசலாம். எனாமல் பெயிண்ட், ஜிகினா, மேலே சுற்றுகிற பிளாஸ்டிக் தாள் எதுவும் வேண்டாம். சுற்றுச்சூழலைப் பற்றிப் பேசுகிற பொருள் நாளைக்குக் குப்பையாகி மண்ணைக் கெடுக்கக் கூடாது. நாம் சொன்னபடி செய்த கிண்ணம் கடைசியில் மண்ணில் போட்டால் மட்கிவிடும். அதே காரணத்தால் மழையில் நனைந்தால் கூழாகியும் விடும். அதனால் வேலை நடக்கும் நாட்களிலும் காட்சி வைக்கும் நாளிலும் கூரையோ பந்தலோ இருக்கட்டும்.

எங்கே வைப்பது, எப்போது வைப்பது?

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டம்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். அன்றைக்கு வைப்பதே பொருத்தம். பொங்கல் முடிந்ததும் வேலையைத் தொடங்கினால் கணக்கெடுக்க ஒரு மாதம், கிண்ணம் செய்ய ஒரு மாதம் கிடைக்கும். ஊராட்சித் தலைவரிடமோ, தலைவர் பொறுப்பில் இல்லாத இடத்தில் தனி அலுவலரிடமோ, ஊராட்சிச் செயலரிடமோ முன்கூட்டியே சொல்லி இடம் கேட்டுவிடுங்க.

அன்று காலை கூட்டம் நடக்கும் இடத்தில் தரையைத் தெளித்துக் காயவிட்டு, கோலப்பொடியால் ஊரை வரையுங்க. சமூக வரைபடம் போட்ட அனுபவம் நம்ம குழுக்களில் பலருக்கு உண்டு. தெரு, கோயில், பள்ளிக்கூடம், ஏரி, ரோடு எல்லாம் வரட்டும். பிறகு ஒவ்வொரு கிண்ணத்தையும் அந்தந்தக் கிணறு இருக்கும் இடத்தில் வையுங்க. வருகிறவர்கள் முதலில் தங்கள் தெருவைத் தேடுவார்கள். தேடும்போதே பக்கத்துத் தெருவில் எத்தனை காவி, ஏரிக்குக் கீழே எத்தனை நீலம் என்று பார்த்துவிடுவார்கள். தண்ணீர் நிற்கிற ஏரிப் பக்கம் நீலம் அதிகமாக இருந்தால், ஏரியைத் தூர்வார வேண்டும் என்று நாம் பேச வேண்டியதே இல்லை, தரையே பேசும்.

கூட்டத்தில் ஒரே ஒரு உறுப்பினர் எழுந்து கணக்கைச் சொன்னால் போதும். "மொத்தம் இத்தனை கிணறு, கோடையில் தண்ணீர் இருப்பது இத்தனை, வற்றியது இத்தனை, குப்பை கொட்டுவது இத்தனை." அதன்பின் கோரிக்கை. பத்துக் கோரிக்கை வைத்தால் ஒன்றும் நடக்காது. ஒன்று அல்லது இரண்டு வையுங்க. எந்தப் பொதுக் கிணற்றை முதலில் தூர்வாருவது, எந்தக் கிணற்றுக்குக் கம்பிவலை மூடி போடுவது, மூடாமல் கிடக்கும் ஆழ்துளைக் குழி எது என்று பெயர் சொல்லி, இடம் சொல்லிக் கேளுங்க. தீர்மானப் புத்தகத்தில் எழுதியதைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்க.

நம் பக்கம் செய்ய வேண்டியதும் உண்டு. 2003-லேயே தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் ஆக்கப்பட்டது. நம்ம வீட்டில் போட்ட குழி இப்போது வேலை செய்கிறதா, மண் அடைத்துக் கிடக்கிறதா? கிராம சபைக்குப் போவதற்குள் உறுப்பினர்கள் அவரவர் வீட்டுக் குழியைச் சுத்தம் செய்துவிட்டால், கேள்வி கேட்கும்போது குரல் தன்னால் உயரும்.

உறுப்பினர்கள் கேட்கக்கூடிய சில கேள்விகள்

"பொம்மை செய்தால் தண்ணீர் வருமா?" வராது. கிண்ணம் தண்ணீர் ஊற்றாது. ஆனால் இதுவரை ஆளாளுக்கு 'எங்க கிணறு வற்றிடுச்சு' என்று தனித்தனியாகப் புலம்பினோம். நாற்பதில் எத்தனை போயிற்று என்பது ஊருக்கே தெரியாது. தெரிந்துவிட்டால் அது ஒரு வீட்டுக் குறை இல்லை, ஊர்ப் பிரச்சினை.

"சின்னப்பிள்ளை விளையாட்டு என்று சிரிக்க மாட்டார்களா?" சிலர் சிரிப்பார்கள். நாம் முதன்முதலில் வாரம் பத்து ரூபாய் சேமித்தபோதும் சிரித்தார்கள். கையில் நோட்டும் கணக்கும் இருந்தால் சிரிப்பு ரொம்ப நேரம் நிற்காது.

"வேலைக்குப் போகிறவர்கள் எப்படிச் செய்வது?" எல்லாரும் எல்லாம் செய்ய வேண்டாம். பேப்பர் கிழிப்பதைப் பிள்ளைகள் செய்யட்டும். கூழ் இடிப்பதற்கும் தட்டுவதற்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேர் கூடினால் முடியும். தெரியாதவர்கள் ஊரில் வயதான அம்மாக்களைக் கேளுங்க. பேப்பர்க் கூடை போட்ட கை இன்னும் மறந்திருக்காது.

காட்சி முடிந்த பிறகு

கிண்ணங்களைத் தூக்கிப் போட்டுவிடாதீங்க. அடியில் கிணற்றின் எண்ணை எழுதி, ஈரம் படாத இடத்தில், பள்ளிக்கூடத்திலோ கூட்டமைப்பு அலுவலகத்திலோ அடுக்கி வையுங்க. பாண்டா கணக்கே அப்படியே நின்றுவிடவில்லை. சீனாவில் காட்டைப் பாதுகாத்து, மறுபடியும் எண்ணியபோது 1,864 என்று 2015-ல் அறிவித்தார்கள். எண்ணிக்கை கூடவும் செய்யும், குறையவும் செய்யும். மறுபடி எண்ணினால்தான் தெரியும்.

அடுத்த மாசியில் அதே நோட்டை எடுத்துக்கொண்டு அதே கிணறுகளுக்குப் போங்க. தூர்வாரிய கிணற்றில் கோடையிலும் தண்ணீர் நின்றிருந்தால் காவிக்கு மேல் நீலம் பூசுங்க. நீலம் வற்றியிருந்தால் மனசுக்குக் கஷ்டமாக இருந்தாலும் காவி பூசுங்க. கணக்கு உண்மையாக இருந்தால்தான் அடுத்த கிராம சபையில் நம் பேச்சுக்கு மதிப்பு.

இந்த மாதக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் வசூல் முடிந்ததும் ஒரு கேள்வியைப் பேசுபொருளாக வையுங்க: நம்ம ஊரில் மொத்தம் எத்தனை கிணறு? உங்கள் குழு எண்ணிய கணக்கைக் கூட்டமைப்புக்கு எழுதி அனுப்புங்கள். ஊர் ஊராக வருகிற எண்ணிக்கையை நமது இதழில் வெளியிடுவோம்.